கப்பல் ஏறாத படிப்பு

ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, மாற்றுத் துணி ஒன்றோடு கப்பலில் இந்தத் தீவுக்கு வந்து இறங்கியவன் நான். போர்ட் பிளேரில் அரசுக் கல்லூரி கட்டியபோது மணலும் ஜல்லியும் என் லாரியில்தான் போயின. அதே கல்லூரியில் என் பையனுக்கு இடம் கிடைத்ததும் நாங்கள் குடியிருக்கும் லம்பா லைன் பகுதி முழுக்க லட்டு கொடுத்தேன்.

லட்டை வாயில் போட்டுக்கொண்டே எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான். “ஏன், மெயின்லேண்டில் கிடைக்கலையா?”

எங்கள் பக்கம் அப்படித்தான். படிக்கப் போகிற பிள்ளையைத் துறைமுக ஜெட்டியில் மாலை போட்டு, கடல் தாண்டி மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏற்ற வேண்டும். வீட்டில் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் போய்ப் படித்தால் அது காலேஜே இல்லை.

“அங்க பாடம் சொல்றவங்க எல்லாரும் மெயின்லேண்டு ஆளுங்கதான்டி” என்று மனைவியிடம் மல்லுக்கு நின்றேன்.

“அங்க பொழைக்க முடியாதவங்கதானே இங்க வர்றாங்க?”

“நானும் அப்படி வந்தவன்தான்!”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

பையனைப் பார்த்தேன். “கூட்டாளிங்க எல்லாம் மெட்ராஸ் போறாங்கப்பா” என்று முனகினான்.

கல்லூரி கட்டின பெரிய இன்ஜினியரே என்னைக் கண்டால் நாற்காலி போடச் சொல்வார். என் வீட்டில் என் பேச்சு எடுபடவில்லை; பையனை மெட்ராஸிலேயே சேர்த்தோம். மெட்ராஸில் எந்தக் காலேஜ், எப்படிப்பட்ட காலேஜ் என்று தெருவில் ஒருத்தரும் கேட்கவில்லை. கப்பல் ஏறுகிறான் என்றதுமே அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஆனாலும் ஜெட்டியில் அவன் கழுத்தில் விழுந்த மாலைகளில் பெரியது என்னுடையதுதான்.