மலைமேல் சாமியின் பெயர்

வேலைக்கான விண்ணப்பத்தை ஐந்து மணிக்குள் இணையத்தில் அனுப்பியாக வேண்டும். இணையமோ கீழறைக் கம்ப்யூட்டரில் இருந்தது. அதை ஓடவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு, பாவா வெளியே போயிருந்தார். அவர் என் அக்காவின் கணவர், நகரித் தெலுங்குக்காரர். செல்போனில் கூப்பிட்டும் எடுக்கவில்லை. மாடியிலிருந்த என் கம்ப்யூட்டர், வயர்லெஸ்ஸில் அதனுடன் சேரப் பாஸ்வேர்டு கேட்டு உயிரை வாங்கியது.

“மலை மேல கீற சாமி பேருதான்னு சொல்லிகினு இருந்தாரு,” என்றாள் அக்கா.

எங்கள் ஊர் மலைமேல் இருப்பது முருகன் கோயில். முருகன், வேலவன், தணிகைவேல் என்று அடித்துப் பார்த்தேன். எதையும் ஏற்கவில்லை. மணி ஐந்தாகப் போகிறது.

“முருகா!” என்று கத்தியேவிட்டேன்.

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். “உங்க பாவா என்னிக்கு முருகான்னாரு? அவங்க தெலுங்குல அந்த சாமி சுப்ரமண்யம்தானே!”

அடித்தேன். சேர்ந்துகொண்டது. விண்ணப்பம் போனது.

ஒவ்வொரு கிருத்திகைக்கும் மலைமேல் பாவா பக்கத்தில் நின்றுதான் கும்பிடுகிறேன். அவர் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்பது அதுவரை என் காதில் விழுந்ததே இல்லை.