காபட்டில் காணாமல் போன இடம்

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு ரெண்டு மணித்தியாலம் இருக்கும்போது பள்ளிவாசல் தலைவர் ஆள் அனுப்பினார். தகப்பனோட வந்த ரெண்டு வயதுப் புள்ளையொன்று உள்பள்ளிக் காபட்டில மூத்திரம் பேஞ்சிட்டுதாம். காபட் துடைக்கிற மெசினைத் தூக்கிக்கொண்டு உடனே வரட்டாம்.

தொண்ணூறுகளின் நடுவில கல்முனைப் பக்கம் அப்படியொரு மெசின் எனக்குத் தெரிய என்னட்ட மட்டும்தான் இருந்தது. சவூதியில ஒரு ஹோட்டல்ல அதோட மாரடிச்சிட்டு, ஊருக்கு வரும்போது பழசொன்றை வாங்கி வந்தன். வேலை லேசு. மருந்துத் தண்ணியைக் காபட்டில பனி மாதிரி அடிக்கணும். மெசினுக்கு அடியில துணிப் பேட் ஒன்று இருக்கு. அது விடாம அதிர்ந்துகொண்டே இருக்கும், ஊத்தையெல்லாம் அதில ஏறிரும். தண்ணி அடிக்கு இறங்காது. ஒரு மணித்தியாலத்தில காஞ்சிரும். இதை ஊராக்களுக்கு விளங்கப்படுத்தி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு. தண்ணி ஊத்தாமக் கழுவுறதா என்று சிரிப்பாங்க.

அந்தப் பள்ளியில மோதினார் என்ட மச்சான், என்ட பொஞ்சாதிட கூடப்பிறந்த நானா. பாங்கு சொல்றது, கூட்டுறது, கைகால் கழுவுற ஹவுளுக்குத் தண்ணி நிரப்புறது எல்லாம் அவர்தான். பள்ளி வளவுக்குள்ள இருந்த சின்ன வீட்டில பொஞ்சாதி புள்ளைகளோட குடியிருந்தார். அந்த உத்தியோகம் போனா வீடும் போயிரும்.

மச்சான் ஈரம் கிடந்த இடத்தைக் காட்டிட்டு மௌலவியைப் பார்க்கப் போனார். நான் தொடங்கினன். கறை பட்ட இடத்தை மட்டும் துடைச்சா அந்த இடம் மட்டும் பளிச்சென்று வட்டமாத் தெரியும். அது எங்கட தொழில்ல வெட்கக்கேடு. அதனால தொழுகை வரிசை மூன்றையும் சுவரிலிருந்து சுவர் வரைக்கும் ஓட்டி முடிச்சன். புதுக் காபட் மாதிரி வந்திட்டு.

மச்சான் வாளியோட வந்தார். “மௌலவிட்டக் கேட்டன் மச்சான். மூத்திரம் பட்ட இடத்தில தண்ணி ஓடணுமாம், இல்லாட்டி நஜீஸ் போகாதாம், அதில தொழக் கூடாதாம். எந்த இடம்?”

எனக்குச் சுர்ரென்று வந்தது. “இப்ப காட்டுங்க பாப்பம். மணக்குதா? கறை இரிக்கா?”

அவர் குனிஞ்சு தடவினார், மோந்தார், ரெண்டு எட்டுத் தள்ளிப் போய்த் திரும்பவும் தடவினார். “ஒண்டும் தெரியல்லயே. அதுதான் எனக்குப் பயமா இரிக்கி.”

அப்பதான் எனக்கும் உறைச்சது. நானும் தேடினன். முதல் வரிசையா, ரெண்டாவதா? என்னாலயும் சொல்ல முடியல்ல.

“இடம் தெரியாட்டி எல்லாத்தையும் கழுவத்தானாம்” என்றார்.

“வேணாம் மச்சான். இது பசை போட்டு ஒட்டின காபட். தண்ணி இறங்கினா அடியில சணல் அழுகும், வாற நோன்பு மாசம் முழுக்க நாறும். தலைவர் உங்களைச் சும்மா விடமாட்டார்.”

“ஓம், தெரியும். காபட் போனா இன்னொண்டு போடலாம். இதில நெத்தி வைக்கிற சனத்துக்கு நானெல்லா பதில் சொல்லணும்.”

அவர் ஊத்தினார். தண்ணி உறிஞ்சிற மெசின் என்னட்ட இல்ல. ரெண்டு பேரும் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு, வீட்டில கிடந்த துவாயெல்லாம் கொண்டு வந்து ஒத்தி ஒத்திப் பிழிஞ்சம். அன்றைக்கு சனம் வெளிப்பள்ளியில நெருக்கிக்கொண்டு தொழுதது.

நோன்பு தொடங்க முதலே நாத்தம் தொடங்கிட்டு. தலைவர் அந்தக் காபட்டைத் தன்ட காசில, வாப்பாட பேர்ல போட்டிருந்தார். மச்சானைக் கூப்பிட்டு, “வேற இடம் பாத்துக்கங்க” என்றார், அவ்வளவுதான். நான் முன்னுக்குப் போய், “ஹாஜியார், பிழை என்ட. இடத்தை இல்லாமலாக்கினது நான்தான்” என்றன்.

“நீங்க உங்கட வேலையத் திறமாத்தானே செஞ்சீங்க” என்றார்.

அதுக்குப் பிறகு எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்காங்க. அந்தப் பாராட்டு மாதிரி ஒன்றும் என்னைச் சுட்டதில்ல.

இந்தத் தொழிலுக்கு வாற தம்பிமாருக்கு நான் சொல்றது இதுதான். மெசினைப் போட முதல் கறையைச் சுத்தி வெண்கட்டியால கீறு. பிறகு, இதைக் கழுவ வேற முறை ஏதும் இருக்கா என்று அந்த இடத்து ஆக்களைக் கேளு. அன்றைக்கு ஒரு கோடு கீறியிருந்தா ஒரு செம்புத் தண்ணியோட காரியம் முடிஞ்சிருக்கும்.

மச்சான் குடும்பத்தோட பொத்துவில் போய், கடற்கரைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில மோதினாரா இருந்தார். ஒருக்கா மெசினையும் வேனில ஏத்திக்கொண்டு போனன். காசு வேணாம், உங்கட பள்ளியைச் சுத்தம் செஞ்சு தாறன் என்றன். அவர் சிரிச்சிட்டு என்ட தோளில கையைப் போட்டார்.

“இங்க காபட் இல்ல, விரிக்கிற பாய்தான் மச்சான். ஊத்தையானா கடலுக்குக் கொண்டு போய் அலசிருவன்.”

மெசினை வேனை விட்டு இறக்காமலே ஊருக்கு வந்து சேர்ந்தன்.