இஸ்ஸா, வாஸா?

நேற்று மாலை டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். அக்கா மகள் கைபேசியிடம் ஓர் ஆங்கில இலக்கணக் கேள்வி கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அது பதில் சொல்லிவிட்டது. பதிலும் சரிதான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது என்றால் நம்புவீர்களா? ஒரு காலத்தில் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் அந்த வேலையைச் செய்தவள் நான்.

பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, பீங்கான் கம்பெனியில் ஃபியூஸ் கட்டைகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். படிப்புக்கேற்ற வேலையில்லை என்று வீட்டில் எல்லாருக்கும் வருத்தம், என்னைத் தவிர. மாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பள்ளிக்கூடப் பெண்கள் வீட்டுப்பாடத்தோடு சூழ்ந்துகொள்வார்கள். இன்றும் டீசல் புகை மூக்கில் ஏறினால் எனக்குச் செயப்பாட்டு வினைதான் ஞாபகம் வரும். நான் திருத்திய தாளிலெல்லாம் பீங்கான் தூள் ஒட்டி வெள்ளை வெள்ளையாக என் கட்டைவிரல் ரேகை இருக்கும். இலக்கணத்தில் எனக்கு ஒருநாளும் தயக்கம் வந்ததில்லை. திமிர் என்றுகூடச் சொல்லலாம்.

அந்தப் பெண்களில் ஒருத்தி கயல். ஒன்பதாம் வகுப்பு. கம்மாபுரம் பக்கம் ஒரு சின்ன ஊர். நிலக்கரிச் சுரங்கத்துக்காக அந்த ஊரையே எடுக்கப் போவது அப்போது உறுதியாகியிருந்தது. ஒருநாள் அப்பாவோடு நின்றிருந்தாள். ‘எங்கள் வீடு’ என்று ஆங்கிலத்தில் பத்து வரி எழுத வேண்டுமாம். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

“அக்கா, இஸ்னு எழுதட்டா, வாஸ்னு எழுதட்டா?”

அப்பா முந்திக்கொண்டார். “இருந்துச்சுன்னே எழுதச் சொல்லுங்கம்மா. எப்படியும் இடிக்கத்தான போறாங்க.”

கயலின் முகம் சுருங்கிப்போயிற்று.

“இன்னிக்கு எங்க படுத்துத் தூங்கப்போற?” என்று அவளைக் கேட்டேன்.

“எங்க வூட்லதான்.”

“அப்ப இஸ்ஸுதான். எழுது.”

அவள் எழுத எழுத, அப்பா தனக்குப் புரியாத எழுத்தை எட்டி எட்டிப் பார்த்தார்.

“கெணத்த எழுதினியா?”

“இல்லப்பா.”

“கெணறு இல்லாம என்ன வூடு? கோடையிலயும் தண்ணி இருக்குது. இருக்குதுன்னே எழுது.”

பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. நெல் காயும் களம், மாட்டுக்கொட்டகை, கயல் பிறந்த அறை, வடக்குச் சுவர் விரிசல். “விரிசலுக்கு இங்கிலீஷ்ல என்னாங்க?” என்று என்னிடம் கேட்டார். அவர் தமிழில் சொன்னதற்கெல்லாம் நான் வார்த்தை கொடுத்தேன். கயல் எழுதினாள். அவர்கள் பஸ் வந்து ஹாரன் அடித்தது. கயல் பையை எடுத்தாள்.

“குந்து. அடுத்த பஸ்ஸுல போய்க்கலாம்” என்றார்.

பத்து வரி மூன்று பக்கமாயிற்று. மறுநாள் மாலை கயல் ஓடி வந்தாள். “மிஸ்ஸு கிளாஸ்ல என்னயே எழுந்து படிக்கச் சொன்னாங்கக்கா. ஒரு தப்பும் இல்லயாம்!” எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இடிக்க வரப்போகிறவர்கள் வரட்டும், அதுவரை அது அவர்கள் வீடு. அதை அன்றைக்கு அவள் வகுப்பு முழுக்கக் கேட்டிருக்கிறது.

அடுத்த கோடையில் அவர்கள் மாற்றாகக் கொடுத்த மனைக்குக் குடிபோனார்கள். கயல் இப்போது திட்டக்குடியில் நர்ஸ்.

போன மாதம் வண்டியில் கம்மாபுரம் பக்கம் போனேன். கயலின் ஊருக்குள் போகும் ரோடு பாதியிலேயே நின்றுவிட்டது. அதற்கப்பால் சுரங்கப் பள்ளம். கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்க அங்கே ஆளில்லை.