விரல் இடுக்கில் சூரியன்

கோடை விடுமுறைக்கென்றே பாண்டி பஜாருக்குப் போய், நாலு வயது மகளுக்கு அகலமான தொப்பியும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கி வந்தேன். கண்ணாடி இவ்வளவு இருட்டாக இருக்கிறதே, தடுக்கி விழுவாளோ என்று கடையிலேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மயிலாப்பூர் வீட்டு மொட்டை மாடியைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை.

மாமனார் தினமும் உச்சிவேளையில் மாடியில் மாத்யான்னிகம் என்னும் நண்பகல் வழிபாடு செய்வார். அதில் ஓரிடத்தில், விரல்களைக் கோத்துக்கொண்டு இடுக்கு வழியாகச் சூரியனைப் பார்க்க வேண்டும். அன்று மகளும் கூடப் போயிருந்தாள். திரும்பி வந்து சமையலறை வாசலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, உன் மூஞ்சில பச்சையா ஒரு பொட்டு."

"எங்கேடி?"

"சுவத்துலயும் இருக்கு. நானும் தாத்தா மாதிரி சூரியனைப் பாத்தேனே!"

அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகம் ஆட்டோவில் ஏறிய பிறகுதான் வந்தது. மாமனாரும் விபூதி காயாத நெற்றியோடு ஏறிக்கொண்டார். தேனாம்பேட்டை கண் ஆஸ்பத்திரி வரை பேத்தியின் கண்ணில் வெயில் படாமல் துண்டால் மறைத்துக்கொண்டே வந்தார். அவளை ஏன் பார்க்க விட்டீர்கள் என்று கேட்டால் குறை சொல்வது போலாகும் என்று நான் கேட்கவில்லை.

கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, பாவை விரிந்ததும் விழித்திரையை நிதானமாகப் பார்த்தார்.

"நல்லவேளை, ஒண்ணும் ஆகலைம்மா. ஆனா விரல் இடுக்கோ கறுப்புக் கண்ணாடியோ, எது வழியாவும் சூரியனை நேரா பாக்கவே கூடாது. ஐயா, உங்க கண்ணையும் பாத்துடலாமா?"

மாமனார் நெளிந்தார். "எனக்கு வேண்டாம் டாக்டர். புரை ஆபரேஷன் ஆனதுலேர்ந்து வெயில் கூசறது. விரலைக் கோத்துண்டு கண்ணை மூடிண்டுடுவேன். ஆத்துல யார்ட்டயும் சொல்லலை."

மகள் நாற்காலியிலிருந்து குதித்தாள். "தாத்தா போங்கு! நான் மட்டும் நெஜமா பாத்தேன்!"

டாக்டருக்கே சிரிப்பு தாங்கவில்லை. சொட்டு மருந்தால் வெயில் கூசியதால் மகள் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வீடு வரை தாத்தாவை வம்புக்கு இழுத்துக்கொண்டே வந்தாள்.

இப்போது மூன்று பேரும் மாடி ஏறுகிறோம். "தாத்தா, மூடிண்டாச்சா?" என்று தொப்பிக்குள்ளிருந்து அதட்டல் வருகிறது. நான் சூரியனுக்கு முதுகைக் காட்டி, குடையை விரித்து அவர்கள் எதிரே நிற்கிறேன். நான்கு கண்களும் மூடித்தான் இருக்கின்றன. இருந்தாலும் குனிந்து ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.