இங்கிலீஷில் வந்த சாவு

திண்டுக்கல் ஆத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் கருமாதிக் கார்டை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. ஓரத்தில் கறுப்பு இருக்கும். வாசலிலேயே படித்து, வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட வேண்டும். ஏழு வயதில் எனக்குப் பிழையில்லாமல் தெரிந்திருந்த ஒரே சட்டம் அதுதான்.

அன்று எல்லோரும் தக்காளி பறிக்கப் போயிருந்தார்கள். தபால்காரர் என் கையில் ஒரு கார்டைத் திணித்துவிட்டுப் போனார். நாலு பக்கமும் கறுப்புக் கோடு. உள்ளே முழுக்க இங்கிலீஷ். இங்கிலீஷில் செத்திருக்கிறார் என்றால் பெரிய ஆளாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் சொந்தத்தில் பேன்ட் போட்டவர் வத்தலக்குண்டு மாமா ஒருவர்தான். ஆக, மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். கார்டை எட்டாகக் கிழித்தேன். போதுமா என்று சந்தேகம் வந்து பதினாறாக்கினேன். தீட்டுக்குச் சட்டையோடு தொட்டியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, சொட்டச் சொட்டக் காட்டுக்கு ஓடினேன்.

“யம்மா, மாமா செத்துப்போச்சு!”

அம்மா கூடையைப் போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள். அக்கா மட்டும் அழவில்லை.

“ஏலே, கார்டு இங்கிலீஷ்லயா இருந்துச்சு?”

நான் தலையாட்டியதும் வீட்டுக்கு ஓடினாள். கோழி கிளறிய துண்டுகளைப் பொறுக்கிச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினாள். அது மதுரை விவசாயக் காலேஜில் சேர அவளுக்கு வந்த இன்டர்வியூ கார்டு; கறுப்புக் கோடு வெறும் அச்சுக் கட்டம். எங்கள் ஊரில் அதுவரை ஆணோ பெண்ணோ காலேஜுக்குப் போனதில்லை.

“வர்ற வெள்ளிக்கெழமதாம்ப்பா. இன்னும் நாலு நாள் கெடக்கு. ஒரு எட்டு மதுரைக்குப் போய்க் கேப்பம்ப்பா.”

“கிழிஞ்சத எவன் மதிப்பான்? அம்புட்டுத்தான், விடு தாயி” என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை வரை அக்கா தினமும் கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. தை மாதம் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அந்த வருடம் தக்காளியில் இலை சுருட்டை நோய் விழுந்தது. மருந்துக் கடைக்காரர் கொடுத்ததை அப்பா அடித்தார், காடே கருகியது. விவரம் கேட்க ஊரில் ஆளில்லை.

கார்டைக் கிழித்த அன்று சாயங்காலம் நான் வைக்கோல் படப்புக்குப் பின்னால், முதுகில் எங்கே அடி விழும் என்று தடவிப் பார்த்தபடி ஒளிந்திருந்தேன். அப்பா என்னைக் கண்டுபிடித்து, சைக்கிளில் ஏற்றித் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போனார். “நீ சின்னப்புள்ள, என்ன செய்வ? தின்னு அப்பு” என்று பஸ் ஸ்டாண்டில் பரோட்டா வாங்கிக்கொடுத்தார். மூன்று தின்றேன். எதிரே மதுரை பஸ் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. அப்பா ஏன் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.