பத்தியக்காரிக்கு ஒரு செம்பு வத்தகப்பழ ஜூஸ்

சிவசக்தி பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்து பத்தாம் நாள். காலையிலேயே அவளுடைய அப்பா கந்தப்பன் தேயிலைத் தோட்ட லயத்துப் பின்பக்கம் போய், கொடியில் கிடந்த பிள்ளைத் துணிகளை எண்ணினார். மூன்று. மறுபடி எண்ணினார். மூன்றேதான்.

முந்தைய நாள் மிட்வைஃப் ஸவாஹிரா மிஸ் வந்து பிள்ளையைத் தராசில் போட்டுப் பார்த்திருந்தார்.

"நிறை கூடல்ல. ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனையணும். அடிக்கடி மார்ல போடுங்க. தாய் தண்ணியே குடிக்கிறல்ல போல, உதடு வெடிச்சிருக்கு. எது குடிச்சாலும் சரி, குடிக்கணும். வெள்ளிக்கிழம வருவன். அப்பவும் இப்படியே இருந்தா பதுளை ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவன்."

மிஸ் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆனால் அந்த வீட்டில் தண்ணீர்ப் பானையின் அதிகாரம் மாரியாயியின் கையில் இருந்தது. கந்தப்பனின் மூத்த அக்கா. அந்த மேட்டு லயத்தில் பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு அவள்தான் பத்தியம் ஆக்கியவள். மிளகு, பூண்டு, சுட்ட கருவாடு. தண்ணீர் என்றால் காலையில் அரை டம்ளர் வெந்நீர், மாலையில் அரை டம்ளர். பழம் என்ற பேச்சே கிடையாது. பச்சை உடம்பில் குளிர்ச்சி ஏறினால் ஜன்னி வந்துவிடும். முப்பது கழியும்வரை ஆண்கள் அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது என்பதும் அவள் சட்டம்தான். கந்தப்பனின் மனைவி ராமாயி குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தாள், மாப்பிள்ளை கொழும்பில் ஒரு கடையில். எதிர்த்துக் கேட்க ஆள் இல்லை.

அதனால் கந்தப்பன் தன் முதல் பேத்தியை வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றே பார்த்திருந்தார். கொய்யாப்பழம் அளவு முகம். அதைப் பார்த்துவிட்டு, மூக்கு அப்படியே தன்னுடையது என்று தோட்டம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

அன்று திரைச் சேலைக்கு உள்ளேயிருந்து சிவசக்தி மெதுவாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, அத்த இல்லயே?"

"பீலிக்குத் தண்ணி எடுக்கப் போயிருக்கா. சொல்லு."

"நாக்கு மேல ஒட்டிக்கிது. கண்ண மூடுனா வத்தகப்பழமா வருது."

கந்தப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு பதுளை பஸ்ஸைப் பிடித்தார்.

டவுனில் லொறியோடு நின்று பழம் விற்றுக்கொண்டிருந்தார் மொஹிதீன் நாநா. வெல்லவாயப் பக்கத்து வத்தகப்பழம், பச்சைத் தோலும் சிவந்த சதையுமாக வெயிலில் விளைந்தது.

"நாநா, நல்லதா ஒண்ணு குடுங்க. எம்பொண்ணு புள்ள பெத்திருக்கா."

மொஹிதீன் தட்டிக்கொண்டிருந்த பழத்தை விட்டு நிமிர்ந்தார். "எங்கட வீட்டிலயும் நாப்பது முடியுமட்டும் இது குடுக்க மாட்டாங்க. ஒங்கட வீட்டில குடுப்பாங்களா?"

"குடுக்க மாட்டாங்க. நான் குடுக்கப் போறேன்."

மொஹிதீன் கையிலிருந்த பழத்தை வைத்துவிட்டு, அடியிலிருந்து வேறொன்றை உருட்டி எடுத்தார். "அப்ப இதக் கொண்டு போங்க. சண்டைக்குப் போற பழம் நல்லாப் பழுத்திருக்கணும்."

பஸ்ஸில் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "யாரு, பேத்தியா?" என்று கண்டக்டர் கேட்டான். "பேத்தி இத விட அழகு" என்றார் கந்தப்பன்.

மாரியாயி வாசலிலேயே பார்த்துவிட்டாள்.

"யாருக்குடா இது?"

"சிவசக்திக்கு."

"ஏன், அவ நல்லா இருக்கிறது உனக்குப் பொறுக்கலயா?"

கந்தப்பன் பழத்தோடு நேராக அடுப்படிக் குசினிக்குள் போனார். போன வேகத்தில்தான் அந்தத் தப்பைச் செய்தார். பழத்தை வெட்டி, ஒரு பாதியை விதையோடு அம்மியில் போட்டு ஓட்டிவிட்டார். பத்து நாளாகப் பத்திய மிளகும் பூண்டும் அரைபட்ட அம்மி அது. திரைக்கு வெளியிலிருந்து டம்ளரை நீட்டினார். சிவசக்தி ஒரு வாய் குடித்தாள்.

"அப்பா, இது ரசமா?"

மாரியாயி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எம்பத்தியத்துக்கு ரோசம் இருக்குடா. பழத்துக்குள்ள பூந்து அடிக்கிது பாரு."

அந்த நேரம் பார்த்து ராமாயியின் வீடியோ கோல் வந்தது. கந்தப்பன் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"அம்மியிலயா? முப்பது வருசம் தேயில பெக்டரியில நின்ன ஆளு, பழத்த அம்மியில அரைச்சீங்களா?"

"பின்ன, நீ பிளெண்டர் அனுப்பி வச்சிருக்கியா?"

ராமாயி சிரிக்கவில்லை. "இங்க மேடத்து மகளுக்குப் புள்ள பொறந்து ரெண்டாம் நாளே வத்தகப்பழ ஜூஸ் கேட்டா. நாந்தான் போட்டுக் குடுத்தேன். ஜக்கு ஜக்காக் குடிச்சா, ஒண்ணும் ஆகல. யாரு வீட்டுப் புள்ளைக்கோ நான் ஊத்திக் குடுத்துக்கிட்டு இருக்கேன். எம்புள்ள அங்க நாக்கு ஒட்டிக் கெடக்கா." பிறகு அவள் குரல் மாறியது. "கேளுங்க. கத்தி, சட்டி, துணி எல்லாம் கொதிதண்ணியில போடுங்க. வெதைய ஒண்ணு விடாம எடுங்க. தோலுப் பக்கத்து வெள்ளையத் தொடாதீங்க. புளிப்புக்குத் தேசிக்கா பாதி, உப்பு ஒரு சிட்டிக. சீனி வேணாம், ஐஸ் வேணாம். கை இருக்குல்ல? அது போதும்."

கை இருந்தது. அந்தக் கை ரோலரிலும் சல்லடையிலும் வேலை செய்த கை. கொழுந்தை ரோலரில் போட்டதும் பாரத்தை இறக்கக் கூடாது. முதல் சுற்று சும்மா புரளவிட வேண்டும், எடுத்ததும் நசுக்கினால் இலை கெட்டுப் போகும். கந்தப்பன் மிச்சப் பாதிப் பழத்தை எடுத்து, ஒவ்வொரு விதையாக நோண்டிப் போட்டார். சதையைக் கொதிக்கவைத்த துணியில் முடிந்து, தட்டின் மேல் வைத்து, உள்ளங்கையால் வட்டமாக உருட்டினார். முதலில் பாரமில்லாமல், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி. சாறு துணியை மீறிச் சிவப்பாக வழிந்தது. தேயிலை வடியில் ஒரு தடவை வடித்து, தேசிக்காயைப் பிழிந்து, உப்பைக் கிள்ளிப் போட்டார். சில்வர் செம்பு நிறைந்தது. கசப்பு இல்லை, பூண்டு இல்லை.

செம்போடு வந்தபோது மாரியாயி அறை வாசலில் கையைக் குறுக்கே வைத்து நின்றாள். அவள் இப்போது சிரிக்கவில்லை. பக்கத்துக் காம்பரா வீடுகளில் இருந்தவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"தம்பி, நம்ம ஆத்தாவ மறந்துட்டியா? சின்னவளப் பெத்துப் போட்டுட்டு பீலித் தண்ணிய அள்ளிக் குடிச்சா. காய்ச்சல்ல போனா. எனக்குப் பன்னெண்டு வயசு. எங்கையிலதான் அடங்குனா."

"மறக்கலக்கா. எனக்கும் ஆறு வயசு. ஆத்தா தண்ணி குடிச்சி சாகல. காய்ச்சல்ல மூணு நாள் கெடந்தா. தோட்டத்து லொறியக் கேட்டு அப்பா தொர பங்களா வாசல்ல நின்னாரு. கொழுந்து ஏத்தணும், லொறி இல்லன்னு அனுப்பிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போகாமத்தான் ஆத்தா செத்தா. லொறி தராதவன ஒரு வார்த்த கேக்கல. அம்பது வருசமாத் தண்ணியத் திட்டிக்கிட்டு இருக்கோம்."

மாரியாயியின் கை கதவுச் சட்டத்திலேயே இருந்தது. "காய்ச்சல் வந்தா?"

"வந்தா லொறி கேட்டு நிக்க மாட்டேன். ஓட்டோ இருக்கு, நேரா பதுளைக்குத் தூக்கிட்டுப் போவேன். ஆனா என் வீட்டுல எம்பொண்ணு தாகத்தோட படுக்க மாட்டா. கைய எடு அக்கா."

அவள் எடுக்கவில்லை. கந்தப்பன் குனிந்து, அந்தக் கைக்கு அடியில் நுழைந்து உள்ளே போனார். செம்பு ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"ஆம்பள உள்ள போறாரு, தீட்டு" என்று வெளியில் ஒரு குரல் கேட்டது.

"தீட்டுன்னா குளிச்சிக்கிறேன். பீலியில தண்ணிக்கா பஞ்சம்" என்று உள்ளேயிருந்தே சொன்னார்.

சிவசக்தி இரண்டு டம்ளர் மூச்சுவிடாமல் குடித்தாள். மூன்றாவதை மெதுவாகக் குடித்துவிட்டு, உதட்டை நக்கிக்கொண்டு, பிள்ளையை எடுத்து மாரில் போட்டாள். கந்தப்பன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளை பால் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருப்பார்.

அன்றிலிருந்து பாயின் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் கூஜாவும் வந்து உட்கார்ந்தது. காலையில் ஜூஸ், மாலையில் ஜூஸ், நடுவில் கஞ்சி. புதன்கிழமை துணி ஐந்து. மாரியாயி தம்பியோடு பேசவில்லை. ஆனால் மணிக்கொரு தரம் சிவசக்தியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நெற்றி சுடவில்லை. வியாழன் காலையில் மொஹிதீன் நாநாவிடமிருந்து இரண்டாவது பழம் வந்தது. சாயந்தரம் கந்தப்பன் குசினிக்குள் போனபோது செம்பு கொஞ்சம் குறைந்திருந்தது.

"யாரு குடிச்சது?"

"தேசிக்கா கூடிப் போச்சி" என்றாள் மாரியாயி, அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை ஸவாஹிரா மிஸ் தராசைத் தொங்கவிட்டார். முள் நின்ற இடத்தை இரண்டு தரம் பார்த்தார். "நூத்தம்பது கிராம் கூடியிருக்கு. ஆஸ்பத்திரி தேவயில்ல. என்ன செஞ்சீங்க?"

"குடிக்கச் சொன்னீங்க, குடிச்சா" என்றார் கந்தப்பன். தராசிலிருந்து எடுத்த பேத்தியை அவர் கையில் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு அவர் இடுப்புச் சாரம் நனைந்தது.

"நேத்துலருந்து எட்டுத் துணி" என்றாள் மாரியாயி. "எண்ணுறது நீ. தொவைக்கிறது நானா?"

"குடு, நான் அலசுறேன்."

எட்டுத் துணியையும் வாளியில் போட்டு, பட்டப்பகலில் பீலிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே நின்றவர்கள் ஜாடை பேசினார்கள். அவர் நிதானமாக அலசிக்கொண்டு வந்தார். பின்பக்கத்துக் கொடியைத் தாண்டி முன்வாசலுக்கு வந்து, ரோட்டுக்கு நேராகப் புதிதாக ஒரு கயிறு கட்டி, எட்டையும் வரிசையாக அங்கேயே காயப் போட்டார்.