கேற்காரர் கேட்ட பாதை

1950களில் நான் கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போய்வந்தேன். வழியில் ஒரு ரயில் கேற்றில் எங்கள் பஸ் நீண்ட நேரம் நிற்கும். அந்தக் கேற்காரர் நிந்தவூர் முஸ்லிம் ஆள்; அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடுவேன். ஒடிசலான உடம்பு, தோளில் தொங்கும் காக்கிச் சட்டை. கேற்றை மூடியதும், வரிசையில் நிற்கும் கூடார மாட்டு வண்டில்களுக்குள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்ப்பார்.

ஒருநாள் பஸ் ஜன்னலருகே வந்து, "சேர், ஒரு பெட்டிசம் எழுதித் தருவீங்களா? தண்டவாளத்துக்குக் கீழால றோட்டு வெட்டச் சொல்லி" என்றார்.

"அப்படி வெட்டினா கேற் தேவைப்படாதே. உங்கட வேலை போயிடும், காக்கா."

"ஓம், தெரியும்." வண்டில் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "போன மாரியில ஒரு புள்ளத்தாச்சிய ஆஸ்பத்திரிக்கெண்டு வண்டில்ல கொண்டு வந்தாங்க. புருசன் என்ட காலப் புடிச்சிக் கெஞ்சினான். ரயில் வாற நேரம், நான் தொறக்கல்ல. ரயிலும் பிந்தித்தான் வந்திச்சி. அவ இந்த இடத்திலயே மூச்சடங்கி மவுத்தாகிட்டா."

"நீங்க சட்டப்படிதானே செஞ்சீங்க?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அந்தப் புருசனும் சொன்னான், சேர். அதுதான் தாங்கேலாம இருக்கு."

எழுதிக் கொடுத்தேன். இரண்டு வருடங்களில் தண்டவாளத்துக்குக் கீழே பாதை வெட்டி முடிந்தது. அது திறந்த வாரம், இறங்கி அவரோடு கதைக்க வேண்டுமென்று நினைத்திருந்தேன். பஸ் நிற்காமலே கீழால் புகுந்து மறுபக்கம் ஏறிவிட்டது. திரும்பிப் பார்த்தேன், மேலே கேற்றைக் கழற்றியிருந்தார்கள். பிறகு நிந்தவூரில் விசாரித்தபோது, அவர் ஊருக்கு வரவேயில்லை என்றார்கள்.

அவர் கேட்டதைத்தான் எழுதினேன் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அது போதவில்லை.